ஆடிய மணல் வாளி

மார்ச் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்கு, நோட்டுப் புத்தகத் தொழிற்கூடத்தின் மேல்தளத்தில் வேலை பார்த்த பன்னிரண்டு பெண்கள் இரும்புப் படிக்கட்டில் இறங்கி வந்து வாசலில் நின்றார்கள். மேலே பஞ்சிங் இயந்திரம் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் இறங்கியவர் தாள் எண்ணுகிறவர். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. கட்டை விரலால் ஒருமுறை விசிறிவிட்டால் தாள்கட்டில் ஒரு தாள் குறைந்தாலும் சொல்லிவிடுவார். அன்று காலை அவர் தட்டிச் சீராக்கி வைத்த தாள்கட்டு மேஜைமேல் தானாகவே கலைந்தது. மறுபடி தட்டி வைத்தார், மறுபடி கலைந்தது. மூன்றாம் முறை கலைந்தபோது எழுந்து, "நான் கீழ போறேன். இனிமே இங்க உக்கார மாட்டேன்" என்றார். மற்ற பதினொரு பேரும் அவர் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

அந்த மேல்தளம் கட்டடத்தோடு கட்டிய மாடி அல்ல. கொட்டகைக்குள் இரும்புத் தூண் நிறுத்தி, உத்திரம் போட்டு, தகடு பரப்பிய தளம். காலி அட்டைப்பெட்டி வைக்கத்தான் போட்டார்கள். பிறகு இரண்டு மேஜை ஏறியது, பிறகு பன்னிரண்டு பெண்கள், பிறகு ஆள் உயரத்துக்குத் தாள். ஜனவரியில், நோட்டின் ஓரத்தில் துளை போடுகிற பஞ்சிங் இயந்திரத்தையும் சங்கிலி கட்டி மேலே ஏற்றினார்கள். அன்றிலிருந்து தளம் துள்ளத் தொடங்கியது.

தொழிலாளர் அலுவலகத்தில் ஆய்வாளர் அவர்களுடைய புகாரை வாங்கிக்கொண்டார். நாள்பட்ட சளியில் மூக்கு சிவந்த மனிதர். "ஆடுதுன்னு சொல்றீங்க, மேனேஜர் ஆடலைங்கிறார். எனக்கு எழுபது கம்பெனி இருக்கும்மா. ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்க. வியாழக்கிழமை பார்ப்போம்" என்றார்.

வீடியோ என்றதும் தாள் எண்ணுகிறவருக்குத் தன் தம்பி மனைவியின் நினைப்புதான் வந்தது. ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். தம்பி மனைவி கல்யாணம், பள்ளி விழா, கடைத் திறப்பு என்று வீடியோ எடுப்பவள். கூட்டம் எவ்வளவு இடித்தாலும் அவள் எடுக்கும் படம் அசையாது. அதனால் அவளைத் தொழிலில் எல்லாரும் ஆணி என்பார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர். அவளே பிறகு தன் கார்டில் அச்சடித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை ஆணி தொழிற்கூடத்துக்குப் போனாள். மேலாளர் கதவருகே நின்று வரவேற்றார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. "எடுங்க, தாராளமா எடுங்க. எங்ககிட்ட மறைக்க ஒண்ணுமில்ல. பொம்பளைங்க பயந்துட்டா பூமியே ஆடுற மாதிரி இருக்கும், நாம என்ன செய்ய முடியும்?" என்றார். ஆணிக்குச் சுருக்கென்றது.

தாள் கட்டுகளுக்கு நடுவே ஸ்டாண்டு வைக்க இடமில்லை. உத்திரத்துக்கு எதிரே கீழ்த்தரையில் கால் அகட்டி நின்று, புதிதாக வாங்கியிருந்த கேமராவைக் கையில் பிடித்தாள். யாரோ மேலே இயந்திரத்தை ஓட்டினார்கள். ஒவ்வொரு அடிக்கும் உத்திரம் ஒரு விரல் அகலம் இறங்கி ஏறியது. அவள் தன் கண்ணால் பார்த்தாள். தகட்டு இடுக்கிலிருந்து தூசி கொட்டி அவள் தலையில் விழுந்தது. நாற்பத்து மூன்று வினாடி எடுத்தாள். எடுக்கும்போது கேமராவின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டாள். படம் சுத்தமாக, அசையாமல் இருந்தது. பதினாறு வருடப் பழக்கம், அசையாத படத்தைப் பார்த்ததும் மனசு திருப்தியானது. எதை எடுக்க வந்தோம் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

வியாழக்கிழமை, ஆய்வாளரின் அறை. இரண்டு அலமாரி, ஒரு மேஜை, கால் சரியில்லாத நாற்காலிகள். ஆய்வாளர் தன் கணினியில் வீடியோவை ஓட்டினார். மேஜையைச் சுற்றி மேலாளர், ஆணி, அவள் நாத்தனாரான தாள் எண்ணுகிறவர்.

திரையில் உத்திரம் நின்றது. இயந்திரத்தின் சத்தம் டம், டம் என்று கேட்டது. தூசி விழுந்தது. உத்திரம் மட்டும் படத்தில் வரைந்த மாதிரி நின்றது.

ஆய்வாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினார். "எங்கம்மா ஆடுது?"

ஆணி நாற்காலியை விட்டு எழுந்தாள். "சார், ஆடுச்சு. நான் நேர்ல பாத்தேன் சார்."

"உங்க கண்ணு ஆடியிருக்கும்மா" என்றார் மேலாளர், மிக மென்மையாக. "சார், இது அவங்க எடுத்த வீடியோ. நாங்க எடுத்ததில்ல. அவங்க சொந்தக்காரங்களே எடுத்தது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

நாத்தனார் திரையையும் பார்க்கவில்லை, மேலாளரையும் பார்க்கவில்லை. ஆணியைப் பார்த்தார்.

அன்று மாலையே தொழிற்கூடத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ஆதாரமில்லாத பீதியைக் கிளப்பி உற்பத்தியை நிறுத்தியதற்காக உங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று ஏழு நாளில் விளக்கம் தரவேண்டும். பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். நோட்டீஸ் முதலில் இறங்கியவருக்கு மட்டும்.

"நல்லா எடுத்தே" என்றார் நாத்தனார். மறுநாள் காலை, வீட்டின் முன்னறையில், ஆணியின் எடிட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. "ஊரெல்லாம் ஆணி ஆணின்னு சொல்றாங்களேன்னு உன்ன கூப்பிட்டேன். அடிச்சிட்டே, என் வேலை மேலயே."

"அக்கா, நான் என்ன வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செஞ்சிருந்தா திட்டிட்டுப் போயிருப்பேன். நீ நல்லா செஞ்சிருக்க. அதான் வயிறு எரியுது."

"நானும் பாத்தேங்கா! என் தலையில தூசி விழுந்துச்சு! அந்த ஆளு என்னமோ எனக்குக் கண்ணு தெரியாத மாதிரி பேசறான், சிரிச்சுக்கிட்டே பேசறான்..."

"அந்த ஆளா? வெள்ளிக்கிழமை நாங்க எறங்கினதும் மெஷின் சும்மா ஓடிக்கிட்டிருந்துச்சு. யாராவது போய் நிறுத்துங்கன்னு கத்தினான். யாரும் போகல. இவனே போயிருக்கலாம்ல? படியில ஒரு காலை வெச்சான். எடுத்துட்டான். நேரா மெயின் சுவிட்சுக்குப் போய் மொத்த கொட்டகைக்கும் கரண்ட்ட நிறுத்தினான். மேல ஆடலைன்னா ஏன் போகல?"

ஆணிக்குக் காது சூடானது. இதை ஏன் நேற்று அந்த அறையில் சொல்லவில்லை என்று கேட்டாள். "கேட்டாங்களா? எங்கள யாராவது கேட்டாங்களா? உன் படத்தத்தான் கேட்டாங்க" என்றார் நாத்தனார்.

தொழிற்கூடத்துக்குப் போன் செய்து இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்றாள் ஆணி. "ஒரு தடவ எடுத்தாச்சேம்மா. நல்லா வந்திருக்கே" என்று சொல்லி மேலாளர் வைத்துவிட்டார்.

அந்த "நல்லா வந்திருக்கே" அவளை விடாமல் துரத்தியது. பதினாறு வருடமாக அவள் காதுகுளிரக் கேட்ட வார்த்தை அது. பெரிய திரையில் வீடியோவைப் போட்டாள். ஒரு தடவை, நாலு தடவை, பத்து தடவை. நாத்தனார் திட்டிக்கொண்டே காய் நறுக்க உட்கார்ந்தார். நறுக்குவதும் திரையை ஓரக்கண்ணால் பார்ப்பதுமாக இருந்தவர் திடீரென்று கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்த வாளி ஏன் துள்ளுது?"

"எந்த வாளி?"

"பின்னால, செவுத்தோரம். செகப்பு வாளி. தீப்புடிச்சா போடறதுக்கு மணல் வெச்சிருப்பாங்களே."

ஆணி முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். உத்திரத்துக்கு அடியில், தூரத்தில், கட்டைவிரல் அளவுக்கு மணல் வாளி தெரிந்தது. துள்ளியது. வாளி மட்டுமல்ல, அது உட்கார்ந்திருந்த இரும்புச் சட்டம் துள்ளியது, சட்டத்துக்குப் பின்னாலிருந்த சுவரே துள்ளியது.

"அந்தச் சட்டம் சிமென்ட்ல பொதைச்சது" என்றார் நாத்தனார். "மணலோட அந்த வாளிய நகத்த ரெண்டு ஆம்பளை வேணும். அது துள்ளுதாம், தொங்கிக்கிட்டிருக்கற தளம் ஆடலையாம்." பிறகு அவருடைய உதடு தானாக அசையத் தொடங்கியது. எண்ணுகிறார் என்று ஆணிக்குத் தெரியும். "பத்து வினாடிக்குப் பதிமூணு. பஞ்சிங் மெஷின் அடிக்கிற கணக்கு அது. என் கையில ஒண்ணும் தப்பாது."

ஆணி எழுந்து போய், புதுக் கேமரா வாங்கிய கடைக்குப் போன் செய்தாள்.

"வாங்கும்போது கேட்டேன்ல, படத்த ஆடாம நிறுத்தறதுக்குப் பழைய கேமராவுல ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன், இதுல எலக்ட்ரானிக், என்ன வித்தியாசம்னு?"

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம். அது லென்ஸ்ல பண்ணும், இது உள்ள பண்ணும். ரெண்டுலயும் ஷேக் வராது."

"எது ஷேக்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அது... அதுவா கண்டுபிடிச்சுக்கும் மேடம்."

"அதுவா கண்டுபிடிச்சுக்குமா? என்னத்தக் கண்டுபிடிச்சு என்ன பண்ணுச்சுன்னு வந்து எங்க நாத்தனார்கிட்ட சொல்றியா?" என்று போனை வைத்தாள்.

பெட்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தாள். பொடி எழுத்து. வாங்கிய நாளிலிருந்து பிரிக்கவே இல்லை. முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. படித்ததை நாத்தனாருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அப்போதுதான் புரிந்தது.

பழைய கேமராவுக்குள் நடுக்கத்தை உணர்கிற ஒரு கருவி இருக்கிறது. பிடித்திருப்பவரின் கை நடுங்கினால் அது உணர்ந்து, லென்ஸில் ஒரு கண்ணாடியை எதிர்ப்பக்கம் நகர்த்தும். அதற்குத் தெரிந்தது கை மட்டுமே. எதிரே இருப்பது ஆடினால் ஆடட்டும் என்று விட்டுவிடும். இந்தப் புதுக் கேமராவில் நகர்கிற கண்ணாடி இல்லை. இது படத்தையே பார்க்கிறது. படத்தில் பெரிதாக இருப்பது எதுவோ அது ஆடினால், கைதான் நடுங்குகிறது என்று முடிவுகட்டி, படத்தை மேலும் கீழும் நகர்த்தி அதை நிற்கவைத்துவிடும். நகர்த்த இடம் வேண்டுமே, அதற்காக நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டில் பெரிதாக இருப்பது ஆடாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். ஆடுவது அவள் கைதான். அதனால் இதுவரை வம்பில்லை. அன்று பெரிதாக இருந்தது உத்திரம்.

"அதாவது, ஆடுற உத்திரத்த நிக்க வெச்சுட்டு, நிக்கிற செவுத்த ஆட வெச்சிருக்கு" என்றார் நாத்தனார்.

"ஆமாக்கா."

"பொய் சொல்லுது."

"பொய் இல்லக்கா. அதிகப்பிரசங்கித்தனம். கேக்காமலே திருத்துது."

"அந்த மேனேஜரும் அப்படித்தான்" என்று நாத்தனார் கத்தியை எடுத்துக்கொண்டார். "சரி, இத அந்த மூக்கு ஒழுகற ஆளுக்கு எப்படிப் புரியவைப்ப? கையேட்டப் படிச்சுக் காட்டினா தூங்கிடுவாரு."

ஆணி அலமாரியைத் திறந்து, மேல்தட்டிலிருந்து பழைய கேமராவை இறக்கினாள். கனம் என்றுதான் அதை ஓரம்கட்டியிருந்தாள். பாட்டரியை சார்ஜில் போட்டாள். "அக்கா, உங்க கம்பெனி நோட்டு ஒண்ணு எடுத்துட்டு வாங்க, ரெண்டு கேமரா முன்னாலயும் ஆட்டிப் பாப்போம்" என்றாள்.

மார்ச் இருபத்தேழாம் தேதி, வியாழக்கிழமை, மறுபடி அதே அறை. விளக்கத்தை ஆய்வாளர் முன்னிலையில் தர நாத்தனார் வந்திருந்தார். கூடவே ஆணி, இரண்டு கேமரா, இரண்டு சின்ன ஸ்டாண்டு, ஒரு பழைய டிவி.

"என்னம்மா இது, விசாரணையா விசேஷமா?" என்றார் ஆய்வாளர்.

"சார், ஒரே நிமிஷம்."

"இதெல்லாம் தேவையில்ல சார்" என்றார் மேலாளர். "எழுத்துல விளக்கம் குடுக்கச் சொல்லியிருக்கோம். வித்தை காட்டச் சொல்லல."

"போன வாரம் என் படத்த சாட்சின்னு சொன்னீங்களே சார், அப்ப அது வித்தை இல்லையா?" ஆணியின் குரல் தானாகவே உயர்ந்தது. "நான் எடுத்த படம். அது என்ன சொல்லுதுன்னு நான் சொல்லக் கூடாதா?"

ஆய்வாளர் கையமர்த்தினார். "காட்டும்மா."

இரண்டு கேமராவையும் அடுத்தடுத்து மேஜைமேல் நிறுத்தினாள். "கை நடுங்குதுன்னு யாரும் சொல்ல வேண்டாம். ரெண்டையும் நான் தொடல." பிறகு ஆய்வாளரிடம், "சார், உங்க ஃபைல் ஒண்ண நீங்களே எடுங்க. ரெண்டு லென்ஸுக்கும் முன்னால, படத்துல முக்காவாசி நெறையற மாதிரி பிடிங்க. இப்ப மெல்ல, கொஞ்சமா, மேல கீழ ஆட்டுங்க. உத்திரம் ஆடின அளவுக்கு. ஒரு விரல்."

ஆய்வாளர் ஆட்டினார். கொஞ்சம் கூச்சமாகத்தான் ஆட்டினார். நாத்தனார் பக்கத்தில் நின்று, தாளம் தப்பாமல், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று இயந்திரத்தின் கணக்கில் எண்ணினார்.

பழைய கேமராவின் படத்தை முதலில் டிவியில் போட்டாள். ஃபைல் ஆடியது. அதன் மேல்விளிம்புக்குப் பின்னால் சுவரும், சுவரோரம் உட்கார்ந்திருந்த மேலாளரின் தலையும் அசையாமல் இருந்தன.

பிறகு புதுக் கேமராவின் படம். ஃபைல் நின்றது. அதன்மேல் எழுதியிருந்த எண்ணைக்கூடப் படிக்க முடிந்தது. சுவர் ஆடியது. மேலாளரின் தலை ஒண்ணு, ரெண்டு, மூணு என்று மேலும் கீழும் துள்ளியது.

ஆய்வாளர் திரையையும் மேலாளரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ஆடலையே?"

"நான் எதுக்கு சார் ஆடறேன்? நான் சும்மாதானே உக்காந்திருக்கேன்!"

"அதத்தான் சார் அந்த மணல் வாளியும் சொல்லுது" என்றார் நாத்தனார்.

ஆணி அந்த நாற்பத்து மூன்று வினாடியை மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை உத்திரத்தைப் பார்க்க வேண்டாம், அடியில் தெரியும் வாளியை மட்டும் பாருங்கள் என்றாள். ஆய்வாளர் எழுந்து, மேஜையிலிருந்த அளவுகோலைத் திரையில் வைத்துப் பார்த்தார். உத்திரத்தின் அடிவிளிம்புக்கும் வாளிக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒவ்வொரு அடிக்கும் குறுகி விரிந்தது. எதை நிற்கவைத்தாலும் அந்த இடைவெளியைக் கேமராவால் மறைக்க முடியவில்லை.

"கேமராவுல கோளாறுன்னா படமே செல்லாது" என்றார் மேலாளர். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "செல்லாத படத்த வெச்சு எங்கமேல நடவடிக்கை எடுக்க முடியாது."

"என்மேல எடுக்கலாமா?" நாத்தனார் கத்தவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக, தாள் எண்ணுவதுபோலச் சொன்னார். "படம் நல்லா இருந்தப்ப என்ன வெளிய தள்ளுச்சு. இப்ப அது உங்களக் காட்டுது, உடனே செல்லாது. சார், நான் படிச்சவ இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நாங்க எறங்கினப்ப மெஷின் ஆளில்லாம ஓடிச்சு. அத நிறுத்த இவரு மேல போனாரான்னு கேளுங்க."

ஆய்வாளர் மேலாளரைப் பார்த்தார். "போனீங்களா?"

"மெயின் சுவிட்ச் பக்கத்துல இருந்துச்சு."

"கொட்டகையோட அந்தக் கோடியில இருக்குங்க மெயின் சுவிட்ச்" என்றார் நாத்தனார். "படி இவரு காலடியில இருந்துச்சு. மூணு தடவ காலை வெச்சு எடுத்தாரு. பன்னெண்டு பேரும் வாசல்ல நின்னு பாத்தோம்."

"ஒரு தடவைதான்" என்றார் மேலாளர்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரிந்தது. ஆய்வாளர் அதை எழுதிக்கொண்டார்.

ஆணி கேமராக்களை மடக்கி எடுத்து வைத்தாள். ஸ்டாண்டின் திருகு இரண்டு தடவை வழுக்கியது. வாசலுக்கு வந்ததும், "ரெண்டு தடவ எக்ஸ்ட்ரா போட்டுச் சொன்னீங்களேக்கா" என்றாள்.

"கணக்கு தப்பா சொன்னா மனுஷனால சும்மா இருக்க முடியாது. எனக்கு இருபத்திரண்டு வருஷமா அதான் வேலை" என்றார் நாத்தனார்.

ஏப்ரல் இரண்டாம் தேதி, புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஆய்வாளர் கட்டடப் பொறியாளர் ஒருவரோடு, சொல்லாமல் தொழிற்கூடத்துக்கு வந்தார். பஞ்சிங் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உத்திரத்தைத் தூணோடு இணைத்த நான்கு போல்ட்டுகளில் இரண்டு முறிந்திருந்ததாகப் பொறியாளர் எழுதினார். அன்று மாலை மேல்தளம் மூடப்பட்டது. இயந்திரம் கீழே இறக்கப்பட்டது. நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது. மூன்று பக்க உத்தரவு நேரடி ஆய்வின் அடிப்படையில் பிறப்பிக்கப்படுவதாகச் சொன்னது. அதில் வீடியோவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மேலாளர் அதே பதவியில் இருக்கிறார்.

தாள் எண்ணுகிறவர் ஏப்ரல் ஏழாம் தேதி, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினார். அவருடைய மேஜை இப்போது கீழ்த்தளத்தில், மணல் வாளிக்குப் பக்கத்தில் இருக்கிறது.